ஆறு காசும் நாலு காசும்

தருமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவியரில் பத்துக்கு எட்டுப் பேர் “சிறு துளி பெரு வெள்ளம்” என்றுதான் தொடங்குவார்கள். தமிழாசிரியையாகிய நான் அந்தப் பழமொழியின் அடியில் ஆண்டுதோறும் சிவப்பு மையால் கோடிட்டுக் கோடிட்டுக் களைத்துப் போனேன். பழமொழியில் குற்றமில்லை. ஆயினும் குழந்தைகளுக்குச் செய்யும் உதவி என்று வரும்போது அது நம்மைச் சற்றே திசை திருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். துளிகளைச் சேர்த்துக்கொண்டே இருப்போம், வெள்ளமான பிறகு பார்ப்போம் என்று நாம் இருந்துவிடுகிறோம். வாடி நிற்கும் நாற்றங்காலுக்கு வெள்ளம் எதற்கு? வேளை தவறாமல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அது பிழைத்துக்கொள்ளும்.

ஏழைக் குழந்தையின் படிப்பு பெரும்பாலும் பெரிய காரணத்தால் நின்றுபோவதில்லை. முந்நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய், ஒரு நாள் கூலி என்று மிக அற்பமான ஏதோ ஒன்றினால்தான் நின்றுபோகிறது. அந்த அற்பத் தொகை அந்த வாரத்தில் கிடைத்துவிட்டால் பிள்ளை பள்ளியில் இருப்பாள். ஆறு மாதம் கழித்து அதைப் போல் பத்து மடங்கு கொடுத்தாலும், போன பிள்ளை திரும்பி வருவது அரிது. ஆகவே சிறு உதவியைத் தொகையால் அளக்கலாகாது என்பேன். எந்த நாளில் வந்தது, எந்த முகத்தோடு கொடுக்கப்பட்டது என்ற இரண்டையும் கொண்டே அளக்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூரில் மேற்கே போகும் மின்சார ரயிலில் ஏறி அமர்ந்தால் போதும். நான் சொல்ல வரும் வரலாற்றில் பாதி அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. முதலில் ஆவடி. இங்கேதான் 1955ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு கூடிற்று. சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. நம் மாணவியர் இதை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிவார்கள். அப்பொழுது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் காமராசர். மறு ஆண்டு, அதாவது 1956இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பகலுணவு தரும் திட்டம் அவர் ஆட்சியில் தொடங்கிற்று. தீர்மானங்கள் எத்தனையோ நிறைவேறுகின்றன. அவற்றில் ஒன்று சோறாக மாறி இலையில் விழுந்த அதிசயத்தை நம் நாடு அன்று கண்டது.

பகலுணவு என்னும் எண்ணம் அதற்கு முன்பே சென்னையில் முளைத்திருந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி தர ஏற்பாடாயிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. ஓரணாதான்! பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. சிற்றுண்டி தந்த பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தொகை ஓரிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்று பதிவாகியிருக்கிறது. எழுத்தறிவின் அருமையைப் பற்றி எத்தனை சொற்பொழிவு நிகழ்த்தியிருந்தாலும் அந்த ஓரணாவின் வேலையை அது செய்திருக்குமா?

காமராசர் காலத்துத் திட்டத்தில் என் மனத்தைக் கவர்வது அதன் கணக்கு. தொடக்கத்தில் அது ஊர் மக்களின் கொடையை நம்பியே நடந்தது. 1957இல் அரசாங்கமும் பங்கு ஏற்றுக்கொண்டது. அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்த புதிது அது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசாங்கம் தரும், மீதி நாலு காசை ஊரார் தர வேண்டும்.

ஆறு காசை எவரும் புகழ்வர். நான் அந்த நாலு காசைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காசாகக் கொடுக்க இயலாதவர்கள் அரிசியும், பருப்பும், கத்தரிக்காயும், ஒரு கட்டு விறகும் கொண்டுவந்து போட்டார்கள். அப்படிப் போட்டவன் அதோடு போய்விட முடியுமா? தான் கொடுத்த விறகில் சோறு வெந்ததா, பிள்ளைகள் உண்டார்களா என்று எட்டிப் பார்ப்பான். பார்த்தால், தன் தெருப் பிள்ளை ஒன்று வரவில்லையே என்பதும் அவன் கண்ணில் படும். கொடுப்பவனைப் பள்ளிக்கூடத்து வாசல் வரை இழுத்து வந்தது அந்த நாலு காசு.

ரயில் திருவள்ளூரைத் தாண்டியதும் கடம்பத்தூர் வருகிறது. பலர் இறங்கிக்கூடப் பார்த்திராத சிற்றூர். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாகக் கூடியது அங்கேதான். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்து பட்டியல் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் தன்னால் இயன்ற ஒன்றை ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரம், ஒருவர் மணி, ஒருவர் கரும்பலகை, ஒருவர் தண்ணீர்ப் பானை, வேறொருவர் விளையாட நிலம். பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கித் தந்தவர்களும் உண்டு. கடம்பத்தூரில் தொடங்கிய அந்த வழக்கம் மாநிலம் முழுவதும் பரவிற்று. பட்டியல் எழுதினார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நமக்குத் தோன்றியதைக் கொடுப்பது எளிது. அங்கே என்ன இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதை மட்டும் கொடுப்பதற்குப் பொறுமை வேண்டும்.

பின்னர் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரார் தந்து வந்த பங்கையும் சேர்த்து அரசாங்கமே முழுச் சுமையையும் ஏற்றது. 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது நீட்டிக்கப்பட்ட நாள் 2024 ஜூலை 15, காமராசரின் பிறந்த நாள். அந்த விழா நடந்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. அங்குள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. கீழச்சேரி கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது! அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கடிகாரமும் மணியும் கொடுத்த அதே மண்ணில், பிள்ளைகளுக்குக் காலைப் பொங்கல் பரிமாறப்பட்டது. 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

இங்கேதான் பெற்றோர் சிலர் ஒரு வினா எழுப்புகிறார்கள். சோறு, புத்தகம், பை, காலணி, சைக்கிள், பஸ் பாஸ் என எல்லாவற்றையும் அரசாங்கமே தருகிறதே. இனி நம் உண்டியல் காசுக்கு என்ன வேலை? நியாயமான வினாதான். ஆனால் திட்டம் என்பது இலட்சக்கணக்கானவர்களை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை. அது ஒவ்வொரு பிள்ளையின் தோளுக்கும் பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களில் கையால் தையல் போட ஆள் வேண்டும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து நம் பகுதி மக்களில் பெரும்பாலோர் பிழைப்பது இதைப் போன்ற பட்டறைகளால்தான். தகப்பனார் பட்டரவாக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார், ஒப்பந்தக் கூலி. தாயார் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார். பிள்ளை ஆங்கில வழி வகுப்பில், கட்டணம் கட்டிப் படிக்கிறாள். வாழ்க்கை நன்றாகவே ஓடுகிறது. ஒரு நாள் பிரஸ்ஸில் தகப்பனாரின் இரண்டு விரல்கள் போய்விடுகின்றன. மூன்று மாதம் வீட்டில் இருக்கிறார். இந்தக் குடும்பம் எந்தத் திட்டத்தின் கட்டத்துக்குள் அடங்கும்? தகப்பனார் இருக்கிறார், ஆகவே அவள் அநாதை அல்லள். கட்டணப் பிரிவில் படிக்கிறாள்; ஆகவே பல சலுகைகள் அவளுக்கு இல்லை. பார்ப்பதற்கு ஏழையாகவும் தெரியவில்லை. ஜூன் மாதம் கட்டணம் கட்ட முடியாமல், “தலைவலி” என்று சொல்லி நாலு நாள் வீட்டில் இருப்பாள். ஐந்தாம் நாள் தாயாரோடு கம்பெனிக்குப் போகத் தொடங்குவாள். அவளைப் பிடித்து நிறுத்துவதற்கு வேண்டியது மூன்று மாதக் கட்டணமும், அதை வாய்விட்டுக் கேட்கும் முன்னரே புரிந்துகொள்ளும் ஒரு வகுப்பாசிரியையும்தான்.

இன்னொரு காட்சி. நம் மாவட்டத்தில் அரிசி ஆலைகளிலும், செங்கற் சூளைகளிலும், ஏரிக்கரை ஓரங்களிலும் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் பல. அவர்கள் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் என்ற சாதிச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் உதவித்தொகை உண்டு, விடுதி உண்டு, மேற்படிப்பில் இடமும் உண்டு. அந்தச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும். அங்கே ஒரு முறை போனால் முடிகிறதா? தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பஸ் செலவு, அன்றைய கூலி நட்டம், நகல் எடுக்கும் செலவு. “அடுத்த வாரம் வா” என்றால் மறுபடியும் அதே செலவு. மூன்றாம் முறை அவர் போகமாட்டார். அரசாங்கம் வைத்திருக்கும் பல்லாயிரம் ரூபாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே நிற்பது சில நூறு ரூபாய்ப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு பலகை போட்டால் பிள்ளை நடந்து போய்விடுவாள். கூடவே, அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது என்று தெரிந்த ஒருவர் துணைக்குப் போனால் இன்னும் நன்று.

மேற்படிப்பிலும் இப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிற்று; உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அது விரிந்தது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான பழைய திட்டமே இவ்வாறு படிப்புக்கு உதவும் திட்டமாக மாற்றப்பட்டது. பெண்ணுக்குத் தாலி வாங்கக் கொடுத்த பணத்தை அவள் கையில் புத்தகம் வாங்கக் கொடுத்தார்கள். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேருவதற்கு முன் விண்ணப்பக் கட்டணம், முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம் ஆகியவற்றை எங்கிருந்து கொண்டுவருவது? கதவுக்கு உள்ளே விருந்து தயாராக இருக்கிறது. வாசற்படி மட்டும் சற்று உயரம்.

சிறு உதவி உண்மையிலேயே பலன் தருகிறதா, அல்லது நம் மனத்திருப்திக்காகச் சொல்லிக்கொள்கிறோமா என்று கேட்பவர்களும் உண்டு. சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் பீகார் மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்க இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவீதம் உயர்ந்ததாம். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில் பலன் மிகுதி. “பணத்தைக் கையில் கொடுத்தால் தகப்பன் குடித்துவிடுவான்” என்பது நம் ஊரில் எவரும் சொல்லும் வாக்கியம். பீகாரில் அந்தப் பணம் பெரும்பாலும் சைக்கிளாகவே மாறியிருந்தது. 1949ஆம் ஆண்டிலேயே சைக்கிள் தொழிற்சாலை கண்ட அம்பத்தூர்க்காரர்களாகிய நமக்கு, இரண்டு சக்கரத்தின் பெருமையைப் பிறர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில், 2003ஆம் ஆண்டு முதல் சில தொடக்கப் பள்ளிகளின் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே பள்ளிக் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை வாங்க வேண்டும். சீருடை பெற்ற பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது குறைந்தது. அதோடு, அந்தப் பெண்களிடையே இளவயதுத் திருமணமும் இளவயதுத் தாய்மையும் குறைந்திருந்தன. ஒரு பாவாடை சட்டை ஒரு பெண்ணின் திருமண வயதைத் தள்ளிப் போட்டது என்றால், நம்ப முடிகிறதா? பள்ளியில் இருக்கிற பெண்ணுக்கு வரன் பார்க்க அவசரமில்லை. நின்றுவிட்ட பெண்ணைத்தான் உறவினர் கண் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இது கென்யாவில் மட்டுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிறு உதவி வறுமையைப் போக்காது. பிரஸ்ஸில் விரல் போகாமல் காக்கும் தடுப்புக் கருவியும், நியாயமான கூலியும், மருத்துவக் காப்பும் அந்தத் தகப்பனாருக்கு இருந்திருந்தால் அவர் மகளுக்கு நம் உதவி தேவைப்பட்டிருக்காது. தொழிலாளிக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அவன் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் தானம் செய்பவரைத் தருமவான் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நியாயம் வேறு, தருமம் வேறு. இருப்பினும் நியாயம் வந்து சேரும் வரை பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் காத்திருக்க முடியாது. அவளுக்கு ஏழாம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.

கொடுக்கும் முகத்தைப் பற்றி முன்னே ஒரு சொல் சொன்னேன். இந்த ஒரு காரியத்தில் எனக்குப் பல நாட்களாக மனத்தாங்கல் உண்டு. எத்தனையோ விழாக்களில் நான் பார்த்திருக்கிறேன்: மேடையில் ஒலிபெருக்கி, “அடுத்து, ஏழை மாணவி” என்று முன்மொழிந்து ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய சிறுமி ஐந்நூறு கண்களுக்கு முன்னால் நடந்து வந்து, ஒரு பொட்டலத்தின் ஒரு முனையைத் தான் பிடித்து மறு முனையைக் கொடையாளர் பிடிக்க, புகைப்படத்துக்காகச் சிரித்துக்கொண்டு நிற்பாள். பின்னர் இறங்கிப் போய்த் தோழியர் நடுவே அமர வேண்டும். அன்று மாலை அந்தத் தோழியர் அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதே அவளுக்குத் தெரியும். மறு ஆண்டு உதவி வேண்டியிருந்தாலும் அவள் தன் பெயரைக் கொடுக்கமாட்டாள். அந்தப் பொட்டலத்துக்கு அவள் கொடுத்த விலை அதற்குள் இருந்ததைவிட மிகுதி.

இப்பொழுது கைபேசி வந்து இந்த வழக்கத்தைப் பன்மடங்காக்கிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு நாலு படம்!

1833இல் பாரிஸ் நகரத்தில் இருபது வயது மாணவராக இருந்த பிரடெரிக் ஓசானாம் என்பவர் தம் தோழர்கள் சிலருடன் தொடங்கியதுதான் இன்று நம் பங்குகளில் எல்லாம் இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளுக்கு உதவ விரும்பிய அந்த இளைஞர்களை ரோசாலி ரெந்து என்ற அருட்சகோதரி வழிநடத்தினார். ஏழைகளை ஓரிடத்துக்கு வரவழைத்துக் கொடுக்கும்படி அவர் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வீடு தேடிப் போங்கள், அமர்ந்து பேசுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்ற வழியில் அனுப்பினார். இன்றைக்கும் அச்சபையின் உயிர்நாடி வீட்டுச் சந்திப்பே. வீட்டுக்குப் போகிறவர் அங்கே விருந்தாளி. ஏழைத் தாய் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்கிறாள். அவளும் ஏதோ கொடுத்தாள் அல்லவா? மேடையில் அவளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஏழைகளும் கொடுப்பவர்களே என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல், உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, சபைப் பணிக்குக் கொடுத்து வருகிறார்கள். நம் தமிழ் நாட்டிலும் பிடி அரிசி வைக்கும் வழக்கம் இருந்தது. காஸ் அடுப்பும் குக்கரும் வந்து அளவுத் தம்ளர் வந்ததும் அந்தப் பிடி மறைந்துவிட்டது. காசு இல்லாதவருக்கும் கொடுக்க நேரம் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடத்தை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பதற்காகவே வாசிப்பாளர் உதவித்தொகை என்று அரசாங்கம் ஒரு சிறு தொகை தருகிறது. தொகை இருக்கிறது, வாசிக்கும் குரல் வேண்டும். தெளிவாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண்கள் நம் பள்ளியில் எத்தனை பேர்! பேச்சுப் போட்டிக்கு மட்டும்தானா அந்தக் குரல்?

இனி, நம் பள்ளியைப் பற்றி. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மாணவியருள், உதவி பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இந்த வரிகளைப் படிக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தே எழுதுகிறேன். நாம் ஆண்டில் இரு முறை காசு திரட்டுகிறோம். கிறிஸ்து பிறப்பை ஒட்டித் திரட்டும்போது உற்சாகம் மிகுதி. கேக்கும் புத்தாடையும் வாங்கிக் கொடுத்து மகிழ்கிறோம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பண்டிகையும் வேண்டும். தவக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டியல் வைத்து, மிட்டாய்க் காசையும் ஐஸ் காசையும் ஒறுத்துச் சேர்க்கிறோமே, அந்தப் பணத்தைப் பற்றித்தான் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன்.

தவக்காலம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது; பாஸ்காவுக்குள் உண்டியல் நிறைந்துவிடுகிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. ஏழைப் பெற்றோரின் நெஞ்சு அடித்துக்கொள்ளும் மாதம் மேயும் ஜூனும்தான். வட்டிக்கு வாங்குவதும், மூக்குத்தியை அடகு வைப்பதும், “இந்த ஆண்டு தம்பி மட்டும் படிக்கட்டும்” என்று முடிவு செய்வதும் அந்த ஆறு வாரத்துக்குள் நடந்து முடிகின்றன. தவக்காலக் காசை முழுவதுமாக அந்த ஆறு வாரத்துக்கென்றே ஒதுக்கி வைத்தால் என்ன? பொதுவில் ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொடுக்காமல், ஒருத்திக்குக் கட்டணப் பாக்கி, ஒருத்திக்குக் கண்ணாடி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருத்திக்குக் கல்லூரி விண்ணப்பம் என்று, கடம்பத்தூர்க்காரர்களைப் போல் பட்டியல் எழுதிக்கொண்டு கொடுக்கலாமே!

யாருக்கு வேண்டும் என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். மார்ச்சில் தேர்வு முடியும்போது அவர் ஒரு சீட்டில் எழுதித் தலைமை அன்னையிடம் நேரில் கொடுத்தால் போதும். பெற்றோரில் ஒருவரை அழைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். தேவையானதை வாங்கிக் கொடுப்பதோ, கட்டணத்தில் வரவு வைப்பதோ, பணமாகவே கொடுப்பதோ அந்தத் தாயின் விருப்பம். பணமாகக் கொடுத்தால் வீணாகும் என்று அஞ்சுபவர்கள் பீகாரை நினைத்துக்கொள்ளட்டும். ஒரு முறை கொடுத்த பிள்ளையை மறு ஆண்டு மறந்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், மாதம் இரண்டாயிரம் ரூபாய் வீதம் பதினெட்டு வயது வரை தரும் ஏற்பாடாக அமைந்தது. மாதந்தோறும் வரும் என்பதால்தான் அந்தத் தொகைக்கு அவ்வளவு பலம். ஒரேயடியாகக் கொடுத்தால் அதைக் கடன்காரர் கொண்டுபோவார். நம் நிதி சிறியதாக இருப்பதால், நாற்பது பேருக்கு ஒரு முறை கொடுப்பதைவிட பத்துப் பேருக்குப் பள்ளி முடியும் வரை கொடுக்கலாம் என்பேன். இதில் என்னோடு மாறுபடுபவர்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விடுபட்ட முப்பது பேரின் முகத்தை அவர்கள் நினைக்கிறார்கள்.

உண்டியல் விஷயத்தில் மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று பலகையில் எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம். போட்டி என்று வந்தால், காசு கொண்டுவர இயலாத சிறுமி வகுப்பின் தோல்விக்குத் தானே காரணம் என்று கூனிக் குறுகுகிறாள். பூட்டிய உண்டியல் வகுப்பின் மூலையில் இருக்கட்டும்; போடுகிறவள் போடட்டும், எவரும் பார்க்க வேண்டியதில்லை.

கணக்கு அவசியம் வேண்டும். பெற்றோர்–ஆசிரியர் கழகத்தின் முன் ஒவ்வோர் ஆண்டும் வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதிக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம், எதற்காக என்பதற்கு ஒரு கட்டம். பெயருக்குக் கட்டம் போட வேண்டாம்.